பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: அந்த ஒரு மணி நேரம்

அன்புள்ள சார்,

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊர் கம்ப்யூட்டர் சென்டரில் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) வகுப்பு முடிந்ததும் கொஞ்ச நேரம் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா விளையாட விடுவார்கள். போன வாரம் என் புது லேப்டாப்பில் அதை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டேன். முதலில் திறக்கவே இல்லை. மகள்தான் டாஸ்பாக்ஸ் போட்டு ஓட வைத்தாள். ஆனால் இளவரசன் குள்ளமாக, தடித்துப் போய்த் தெரிகிறான். பட்டனை அழுத்தினால் உடனே குதிப்பதில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "இதையா அப்பா இவ்வளவு சொன்னீங்க?" என்று மகள் எழுந்து போய்விட்டாள். எனக்கும் சப்பென்றுதான் இருந்தது. அன்று வேறு எதுவும் கிடைக்காததால்தான் அது பெரிதாகத் தெரிந்ததா? உண்மையிலேயே நல்ல விளையாட்டுதானா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

நல்ல விளையாட்டுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் லேப்டாப்பில் அது அதன் சரியான உருவத்தில் வரவில்லை. முதலில் அதைச் சரிசெய்துவிடுவோம்.

64 பிட் விண்டோஸ் பழைய 16 பிட் டாஸ் நிரல்களை ஓட்டாது. அதனால்தான் முதலில் திறக்கவில்லை. டாஸ்பாக்ஸ் ஒரு பழைய கம்ப்யூட்டரையே மென்பொருளாக உருவாக்கி, அதற்குள் விளையாட்டை ஓட்டுகிறது. குள்ளமாகத் தெரிவதற்குக் காரணம் வேறு. டாஸ் பதிப்பின் படம் 320க்கு 200 புள்ளிகள். அன்றைய மானிட்டர் அந்த 200 வரிகளையும் 4:3 திரை முழுக்க உயரவாக்கில் இழுத்து நிரப்பும். இன்றைய திரையில் புள்ளிகள் சதுரம், அதனால் எல்லாமே அமுங்கித் தெரிகிறது. டாஸ்பாக்ஸின் கான்ஃபிக் கோப்பில் (அமைப்புகளை எழுதி வைக்கும் கோப்பு), ரெண்டர் பகுதியில், ஆஸ்பெக்ட் என்று ஒரு வரி இருக்கும். அதில் ஃபால்ஸ் என்று இருந்தால் ட்ரூ என்று மாற்றுங்கள். உங்கள் பழைய இளவரசன் நிமிர்ந்து நிற்பான்.

அடுத்தது, தாமதமாகக் குதிப்பது. இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். அதில் பெரும்பகுதி கோளாறே இல்லை, விளையாட்டின் உயிரே அதுதான். இதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் 1985ல், கல்லூரி முடித்த கையோடு, தன் தம்பி டேவிட்டை ஓடவும் குதிக்கவும் சொல்லி வீடியோ எடுத்தார். அதை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்து வரைந்து ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தார். விளையாட்டு வெளியானது 1989ல். அதனால் அந்த இளவரசனுக்கு எடை உண்டு. ஓடுகிறவன் எடுத்த அடியை முடித்துவிட்டுத்தான் குதிப்பான். மரியோவை அந்தரத்திலேயே திருப்பலாம், இவனைத் திருப்ப முடியாது. தரையை விட்டுக் கால் எழும்புவதற்கு முன்பே நீங்கள் முடிவெடுத்திருக்க வேண்டும்.

ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு அடி அடியாக விளிம்புவரை போய்ப் பாருங்கள். அங்கிருந்து கொஞ்சம் பின்வாங்கி, ஓடி, தாவி, மறுபடி ஷிஃப்டை அழுத்தினால் எதிர்ச்சுவரின் விளிம்பை விரல்களால் பற்றிக்கொண்டு தொங்குவான். அந்தப் பிடி கிடைக்கும் கணத்தில் நம் உடம்பும் ஒருமுறை இறுகித் தளர்கிறது. இன்றும் எனக்கு அப்படித்தான். இது பழைய நினைவின் மயக்கம் மட்டும் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

விளையாட்டை முடிக்கக் கையில் இருப்பது 60 நிமிடம். செத்தால் அந்த நிலையின் (லெவலின்) தொடக்கத்துக்குப் போகலாம், ஆனால் போன நேரம் திரும்பாது. இப்போது எஸ்டிஎல்பாப் என்று ஒரு இலவசப் பதிப்பு கிடைக்கிறது. டாஸ் பதிப்பைப் பிரித்துப் படித்து ஆர்வலர்கள் செய்தது. டாஸ்பாக்ஸ் இல்லாமலே நேராக ஓடும், அருமையான வேலை. அதில் எந்த இடத்திலும் நிறுத்திச் சேமித்துக்கொள்ளும் வசதியும் உண்டு. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். தவறவிட்ட தாவலை உடனே அழித்து எழுத முடியும் என்றால் அடுத்த தாவலில் பயம் இருக்காது. பயம் இல்லாமல் இந்த விளையாட்டில் ரசிக்க மிச்சம் அதிகமில்லை. சென்டரில் யாராவது பிரின்ஸ் மெகாஹிட் என்று அடித்து ஏமாற்று வழியில் நுழைந்திருப்பார்கள். அதுவும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆப்பிள் 2ன் நினைவகம் நிரம்பிவிட்டதால் எதிரிகளை வரைய மெக்னருக்கு இடமே இல்லை. சண்டை வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவருடன் வேலை பார்த்த டோமி பியர்ஸ். அதற்குக் கிடைத்த வழி, இளவரசனின் அதே படத்தை ஒரு பிட் தள்ளிவைத்து அதன் மேலேயே எக்ஸ்ஆர் கணக்கில் (இரண்டு படமும் ஒத்துப்போகும் புள்ளிகளை அழித்து, வேறுபடும் புள்ளிகளை மட்டும் காட்டும் முறை) பதிப்பது. மினுங்கும் ஒரு நிழல் உருவம் பிறந்தது. காவலர்கள் வந்தது அப்புறம்தான். நான்காம் நிலையில் நீங்கள் கண்ணாடிக்குள் பாய்ந்ததும் அந்த நிழல் மறுபக்கமாகப் பிரிந்து ஓடும். அடுத்த நிலையில் உங்களுக்கான மருந்தைக் குடித்துவிடும். பன்னிரண்டாம் நிலையில் வாளோடு எதிரே நிற்கும். அதன் மேல் விழும் ஒவ்வொரு குத்தும் உங்கள் உயிரைக் குறைக்கும். அங்கே என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. நீங்களே கண்டுபிடிக்க வேண்டும், அது உங்கள் உரிமை. இடப் பற்றாக்குறையில் பிறந்த ஒரு யோசனை கதையின் மையமாகவே ஆனதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

தொலைந்ததாக நினைத்த ஆப்பிள் மூல நிரலின் வட்டுகள் 2012ல் மெக்னரின் அப்பா வீட்டிலிருந்து கிடைத்தன. விளையாட்டுக்கு இசையமைத்தவரும் அந்த அப்பாதான். இப்போது யார் வேண்டுமானாலும் அந்த நிரலைப் படிக்கலாம். உங்கள் மகளுக்கு நிரல் எழுதுவதில் ஆர்வம் இருந்தால் காட்டுங்கள்.

அவள் எழுந்து போனதில் தப்பில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இதில் கிடைப்பது குறைவு. கீபோர்டை அவளிடமே கொடுத்துவிடுங்கள். ஷிஃப்ட் எதற்கு என்று மட்டும் சொல்லுங்கள், வாளை அவளே தேடட்டும். மூன்றாம் நிலையில் எலும்புக்கூடு எழுந்து நிற்கும்போது வேண்டுமானால் ஒரு உதவி செய்யலாம்: எத்தனை குத்தினாலும் அது சாகாது, பள்ளம் வரை தள்ளிக்கொண்டே போய்க் கீழே விழவைக்க வேண்டும்.

அன்புடன்.