எட்டாம் நாள் பௌர்ணமி

வணக்கம்.

உங்கள் பயணக் கட்டுரைகளைப் படித்துத்தான் இந்த ஆசையே வந்தது. அதனால் கேள்வியையும் உங்களிடமே கேட்கிறேன். நான், கணவர், 11 வயது மகன், 6 வயது மகள், 68 வயது மாமியார். சொந்தக் கார், 10 நாள். பாதி மலை, பாதி கடற்கரை. அறை எடுக்காமல் எல்லா இரவும் கூடாரத்தில்தான். நாளுக்கு 350 கிலோமீட்டர் வீதம் கணவர் எக்செல் தாளில் திட்டம் போட்டு வைத்திருக்கிறார். அதைப் பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது. மலையை முதலில் வைப்பதா, கடலையா? ஒரே கூடாரம் இரண்டுக்கும் போதுமா? மாமியாரை அழைத்துப் போவது சரியா? எட்டாம் நாள் பௌர்ணமி வருகிறது. அன்று மட்டும் அலைக்குப் பக்கத்தில், மணலில் தூங்க வேண்டும் என்பது என் சொந்த ஆசை.

அன்புடன்,
ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

வணக்கம்.

முதலில் அந்த எக்செல் தாள். கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில், குழந்தைகளோடு, மணிக்குச் சராசரியாக 30 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம்தான். அப்படிப் பார்த்தால் 350 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய 12 மணி நேரம். தாளில் ‘தூரம்’ என்ற பத்தியை அழித்துவிட்டு ‘சேரும் நேரம்’ என்று போடச் சொல்லுங்கள். சூரியன் மறைவதற்கு 2 மணி நேரம் முன்னால் வண்டி நின்றிருக்க வேண்டும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் தூரம் தானாக வந்துவிடும். மலையில் அது 120 கிலோமீட்டராக இருக்கலாம். இருக்கட்டுமே.

இதை நான் ஒரு கடற்கரையில், ராத்திரி 2 மணிக்குக் கற்றுக்கொண்டேன். இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தோம். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் மேஜை மாதிரி சமமான, கெட்டியான மணல். இப்படி ஒரு இடம் கிடைத்ததே என்று அங்கேயே கூடாரம் அடித்தோம். அந்த மணலைச் சமமாக்கியதே கடல்தான் என்பது, கால் பக்கம் பாய் நனைந்தபோதுதான் புரிந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினோம். ஒரு செருப்பு போனது. பகல் வெளிச்சத்தில் வந்திருந்தால் ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

மலையா கடலா? மலையையே முதலில் வையுங்கள். காரணம் உப்பு. கடற்காற்று பட்ட துணியில் உப்புப் படியும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அந்தப் போர்வையோடு மலையேறினால் அது எத்தனை வெயிலில் போட்டாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும், குளிரில் அது ஒரு தண்டனை. மாறாக, மலை மூட்டத்தில் நனைந்த கூடாரத்தைக் கடற்கரைக் காற்றில் பிரித்துப் போட்டால் சீக்கிரமே காய்ந்துவிடும். வீடு திரும்பியதும் கூடாரத்தை, முக்கியமாக ஜிப்பை, நல்ல தண்ணீரில் ஒரு தடவை கழுவிவிடுங்கள்.

ஒரே கூடாரம் போதும். முளைதான் ஒன்றாக இருக்காது. கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் மலை மண்ணில் நன்றாக நிற்கும், மணலில் ஒரு காற்றுக்குப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். மணலில் முளைக்குப் பதில் ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, வாயோடு சேர்த்துக் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்து மூடி மிதித்துவிடுங்கள். அசையாது. பழைய தலையணை உறை ஏழெட்டு எடுத்துக்கொண்டால் போதும்.

மலைக் குளிரைப் பற்றிப் பலரும் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் 30 டிகிரி என்றால் 2,000 மீட்டரில் பகலிலேயே 17 பக்கம். ராத்திரி அதற்கும் கீழே. இதற்காக இன்னும் இரண்டு போர்வை வாங்குவார்கள். ஆனால் உடம்புச் சூட்டை அதிகம் பிடுங்குவது மேலே உள்ள காற்றல்ல, கீழே உள்ள தரை. உடம்புக்கு அடியில் நசுங்கிய போர்வைக்குள் காற்று நிற்பதில்லை. காற்று நிற்காத இடத்தில் சூடும் நிற்காது. பணத்தைக் கெட்டியான ஃபோம் பாயில் போடுங்கள். பள்ளத்தாக்கின் அடியில் தங்காமல் சற்று மேலே சரிவில் தங்கினால் குளிரும் குறைவு, ஏனென்றால் குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரி தண்ணீர் மாதிரி இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஓடைக்கரையும் வேண்டாம். இங்கே வானம் தெளிவாக இருக்கும், மேலே எங்கோ பெய்த மழை நடுராத்திரி வந்து சேரும்.

காலையில் கூடாரத்தின் உள்பக்கம் சொட்டும். மழை இல்லை, ஐந்து பேர் விட்ட மூச்சு. குளிருகிறதே என்று காற்று வழியை அடைத்தால் இன்னும் சொட்டும். அதைவிட முக்கியம், எவ்வளவு குளிரினாலும் அடுப்பையோ கரியையோ கூடாரத்துக்குள் கொண்டு வராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். இதில் ‘ஐந்து நிமிஷம் மட்டும்’ என்கிற பேச்சே வேண்டாம். சமையல் வெளியில்தான். குக்கரை எடுத்துக்கொள்ளுங்கள், 2,000 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் எதுவும் வேக மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

கணவருக்கு ஒரு வார்த்தை. இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி விடச் சொல்லுங்கள். ஐந்து பேரும் சாமான்களும் ஏறிய கார் வழக்கமான கார் இல்லை. கருகிய வாசனை வந்தால் பிரேக் சூடாகிவிட்டது, ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும். பிரேக் ஆயிலை மாற்றி வெகு நாளாகியிருந்தால் கிளம்புமுன் மாற்றிவிடுங்கள். அது நாள்பட ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறினால் சீக்கிரம் கொதிக்கும். கனமான சாமான் எதையும் கூரை மேல் ஏற்ற வேண்டாம்.

வளைவுகளில் வாந்தி எடுக்கப்போவது யார் என்று இப்போதே சொல்லிவிடலாம்: போனைப் பார்த்துக்கொண்டு வருகிறவர். காதின் உள்ளே ‘திரும்புகிறோம்’ என்று தெரிகிறது, கண் ‘அசையாமல் இருக்கிறோம்’ என்கிறது. இரண்டுக்கும் சண்டை. அதனால் எல்லோரும் தூரத்தைப் பார்த்து உட்காருங்கள். இறங்கும்போது சின்னவள் தூங்கினால் எழுப்பிவிடுவது நல்லது. தூக்கத்தில் எச்சில் விழுங்குவது குறைவு, அதனால் காது அடைத்து வலியோடு அழுதுகொண்டு எழுவாள்.

மாமியாரை அழைத்துப் போங்கள். மருத்துவரிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டு, 2,500 மீட்டருக்குக் கீழேயே தங்கும்படி பாதையை வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சிரமம் மலை இல்லை, தரையிலிருந்து எழுந்திருப்பது. ஒரு மடக்குக் கட்டில் வாங்குங்கள். கட்டிலுக்கு அடியிலும் குளிர்காற்று ஓடும், அதனால் அதன் மேலும் பாய் வேண்டும். கழிப்பறைக்குப் பக்கத்தில், கூடாரக் கயிறுகள் காலைத் தடுக்காத பக்கமாக அவருக்கு இடம்.

இப்போது உங்கள் பௌர்ணமி. இதைத்தான் கடிதத்தில் இரண்டு முறை படித்தேன். நிலவும் சூரியனும் பூமியும் ஒரே கோட்டில் வரும் அமாவாசை, பௌர்ணமிகளை ஒட்டித்தான் கடல் அதிகமாக ஏறும். பல இடங்களில் உச்சம் அதற்கு ஓரிரு நாள் கழித்து. அதாவது உங்கள் எட்டாம், ஒன்பதாம், பத்தாம் இரவுகள். கரையில் பாசியும் குப்பையும் ஒதுங்கிய கோடு ஒன்று தெரியும். அது முந்தைய ஏற்றத்தின் எல்லை, அன்று இரவின் எல்லை அல்ல. அதற்கும் மேலே, காய்ந்து வெளுத்துப்போன பழைய கோடு ஒன்று இருக்கும். அதையும் தாண்டி, செடி முளைத்திருக்கும் இடத்தில் கூடாரம் அடியுங்கள். அலைச்சத்தம் அங்கேயும் கேட்கும்.

மகனிடம் போனுக்குப் பதிலாக அந்த ஊரின் ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியலை, கொடுத்துவிடுங்கள். பெரும்பாலான கரைகளில் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் 12 மணி 25 நிமிஷம் இடைவெளி, அதனால் நேரம் நாளுக்கு 50 நிமிஷம் போலத் தள்ளிக்கொண்டே போகும். எட்டாம் நாள் ராத்திரி கடல் எத்தனை மணிக்கு மேலே வரும் என்று அவன் கண்டுபிடிக்கட்டும். அந்த நேரத்துக்கு அலாரம் வைத்து, அவனை மட்டும் எழுப்பிக்கொண்டு, மேலே நின்று பாருங்கள். மாமியாரும் விழித்திருந்தால் அவரையும்.