ஊசியில் மருந்தில்லை, நோ குறைவது எதனால்?

கேள்வி: எனக்கு வயது 57, சுன்னாகம். முழங்கால் நோவுக்கு அக்குபஞ்சர் செய்கிறேன். ஊசியில் மருந்தே இல்லை என்கிறார்கள். செய்த அன்றைக்குச் சுகம், அடுத்த நாள் நோ வந்துவிடுகிறது. ஊசி பிழையான இடத்தில் ஏறுகிறதா?

பதில்: மருந்து உங்கள் தோலுக்கடியிலேயே உருவாகிறது, அம்மா. ஊசியை மெல்லச் சுழற்றும்போது அடியிலுள்ள இணைப்பிழைய நார்கள் அதில் சுற்றிக்கொள்ளும். உள்ளே ஏதோ ஊசியைப் பிடிப்பதுபோலச் சிகிச்சை செய்பவரின் விரலுக்குத் தெரியும். இழுபடும் கலங்கள் ஏ.ரி.பி என்ற பொருளை வெளிவிடும். நொதியங்கள் அதை அடினோசின் என்ற பொருளாக உடைக்கும். அடினோசின் நரம்பு நுனியிலுள்ள ஏ1 வாங்கியில், அதாவது அதை ஏற்கும் புரதத்தில், பொருந்தி, நோச் செய்தியை அங்கேயே மட்டுப்படுத்தும்.

2010இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டின் குழு இதை எலிகளில் காட்டியது. முழங்காலுக்குக் கீழே ஊசியைக் குத்திச் சுழற்றியபோது அங்கு அடினோசின் சுமார் 24 மடங்கு கூடியது. ஏ1 வாங்கி இல்லாத எலிகளுக்குச் சுகம் கிடைக்கவில்லை. அடினோசின் அழிவதைத் தாமதப்படுத்தும் மருந்தைக் கொடுத்ததும் சுகம் ஏறக்குறைய மூன்று மடங்கு நேரம் நீடித்தது. உடல் அடினோசினை விரைவாக அகற்றிவிடும். உங்கள் சுகம் நிலைக்காததற்கு இது ஒரு முக்கிய காரணம் என்பதே என் கருத்து.

இடத்தைப் பற்றி அவ்வளவு யோசிக்க வேண்டாம். ஜெர்மனியில் 1,162 முதுகுநோக்காரரிடம் செய்த ஆய்வு 2007இல் வெளியானது. உரிய புள்ளிகளில் ஊசி ஏற்றியவர்களில் 47.6 வீதமானோருக்கும், வேறிடங்களில் மேலோட்டமாக ஏற்றியவர்களில் 44.2 வீதமானோருக்கும் முன்னேற்றம். குளிசை, உடற்பயிற்சி என்று வழமையான சிகிச்சை பெற்றவர்களில் அது 27.4 வீதம்தான். ஊசி பட்டதே பெரும் வேறுபாடு. நம்பிக்கையின் பங்கும் இதில் உண்டு.

தேய்ந்த குருத்தெலும்பு ஊசியால் வளராது. ஆகவே நோ குறைந்திருக்கும் நேரத்தில் படுத்துவிடாமல், கதிரையில் இருந்து காலை நீட்டி மடக்கித் தொடைத்தசையைப் பலப்படுத்துங்கள். திருவலையில் குந்தித் தேங்காய் துருவுவதைப் பிள்ளைகளிடம் விடுங்கள்.

ஊசிக்குப் போகமுன் தேத்தண்ணி, கோப்பி வேண்டாம். அவற்றிலுள்ள கஃபீன் அடினோசினின் வாங்கியை அடைத்துவிடும். எலிகளில் ஊசியின் பலன் இதனால் குறைந்தது. மனிதரில் நிறுவப்படாவிட்டாலும், ஒருநேரத் தேத்தண்ணியை விடுவதால் நட்டமில்லை.

ஒருமுறை மட்டும் பாவிக்கும் ஊசியா என்று கட்டாயம் கேளுங்கள். வார்பரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளிசை எடுத்தாலோ, சீனி வருத்தத்தால் கால் விறைத்திருந்தாலோ முன்னரே சொல்லிவிடுங்கள். முழங்கால் வீங்கிச் சிவந்து காய்ச்சலும் வந்தால் ஊசிக்குப் போகாமல், அன்றைக்கே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.