அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தில், முதல் முறையாக வில்லோடு எல்க் (பெரிய காட்டு மான்) வேட்டைக்குப் போகிறேன். வில்லை எப்படித் தயார் செய்வது?

கேள்வியைப் பார்த்தால் கொலராடோவுக்குப் புதிதாக வந்தவர் போலத் தெரிகிறது. ஆபீஸில் யாரோ ஆசை காட்டியிருப்பார், கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லும் வாங்கியாகியிருக்கும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

சண்டைக்கு வருபவர்களுக்கு முதலில் ஒன்று. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். ஊரில் போய் முயலடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. இங்கே எத்தனை எல்க் அடிக்கலாம் என்பதை மாநிலம்தான் தீர்மானிக்கிறது. வில்லுக்கான 11 சதவீத வரியும் காட்டுயிர்ப் பராமரிப்புக்குத்தான் போகிறது.

பயிற்சி வகுப்புச் சான்றிதழ், குறைந்தது 35 பவுண்டு இழுவிசை, இதெல்லாம் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் இல்லாததைச் சொல்கிறேன்.

நான் ஆரம்பித்த அந்த முதல் கோடை முழுக்க தினமும் முப்பது அம்பு எய்தேன். 40 கஜத்தில் எல்லாம் ஒரு டிபன் தட்டுக்குள் விழும். தலைகால் தெரியாத கர்வம். ஆனால் அத்தனையும் மொட்டையான பயிற்சி முனை. கிளம்புவதற்கு முந்தின இரவுதான் பிராட்ஹெட்டை, அதாவது வேட்டைக்கான பிளேடு வைத்த முனையை, அம்பில் திருகினேன். இரண்டும் 100 கிரெய்ன் எடைதானே, ஒரே மாதிரிதானே போகும் என்று நினைத்தேன். போகாது. அம்பு துளி கோணலாகக் கிளம்பினாலும் முன்னால் இருக்கும் பிளேடு காற்றைப் பிடித்துத் தன் போக்கில் இழுத்துவிடும். பயிற்சி முனையில் அந்தக் கோணலைப் பின்னால் இருக்கும் இறகு சரிசெய்துவிடுவதால் நமக்குத் தெரிவதே இல்லை.

மூன்றாம் நாள் காலை, பத்தாயிரம் அடி உயரத்தில், 35 கஜத்தில் ஓர் ஆண் எல்க் பக்கவாட்டில் நின்றது. தோளுக்குப் பின்னால் குறிவைத்தேன். முக்கால் சாண் தள்ளி வயிற்றில் பாய்ந்தது. அம்பை எடுத்துப் பார்த்தால் பச்சையாக, சாணி நாற்றம். நுரையீரலில் பட்டிருந்தால் நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் இருக்கும். கூட வந்த நண்பர் ஒன்றும் பேசாமல் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டார். குடலில் அடிபட்டதை உடனே துரத்தினால் எழுந்து எங்கேயோ போய்விடும், மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம். சாயங்காலம் தேடினோம், மறுநாள் மதியம் வரை தேடினோம். கிடைக்கவில்லை. டேக், அதாவது ஓர் எல்க் அடிப்பதற்கான அனுமதிச் சீட்டு, கையில்தான் இருந்தது, ஆனால் அந்த வருடம் நான் அப்புறம் வில்லைத் தொடவில்லை.

அதனால் ஆகஸ்டிலேயே பிராட்ஹெட் மாட்டி எய்து பாருங்கள். அது வலப்பக்கம் போனால் ரெஸ்ட்டை (வில்லில் அம்பு உட்காரும் தாங்கி) மயிரிழை இடப்பக்கம் நகர்த்துங்கள், இரண்டு முனையும் ஒரே இடத்தில் விழும்வரை. பயிற்சியில் மழுங்கிய பிளேடோடு காட்டுக்குப் போகாதீர்கள். இதெல்லாம் வில் விற்ற கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டியது. அவர் என் கை நீளத்தைக்கூட ஒழுங்காக அளக்கவில்லை.

அதற்கு அடுத்து வந்த பொங்கல் விழாவில் ஒருவர், கையில் சிக்கன் 65 தட்டோடு, "உங்களுக்கு எப்படிங்க மனசு வருது?" என்று கேட்டார். எனக்கு மனசு வராமல்தான் வில்லை மூட்டை கட்டி வைத்திருந்தேன், அது அவருக்குத் தெரியாது. அடுத்த வேட்டைக் காலத்தில் ஒரு பெண் எல்க் கிடைத்தது. கறிக்கு முதலில் போன் செய்தவர் அவர்தான். கொடுத்தேன். என் எவர்சில்வர் தூக்கு இன்னும் திரும்பி வரவில்லை. அம்மா ஊரிலிருந்து கொடுத்துவிட்டது அது.