இரவில் இலை தின்னும் வண்டுகள்: வாசகர் கேள்வி பதில்

கே: அழகுக்காக வளர்த்த மரத்தின் இலைகள் ஒரே வாரத்தில் சல்லடையாகிவிட்டன. பகலில் எவ்வளவு தேடியும் ஒரு பூச்சிகூடக் கண்ணில் படவில்லை. வேப்பெண்ணெய் இரண்டு முறை அடித்தும் பலனில்லை. ஏன்?

ப: நல்ல மழை பெய்த சில நாட்களில் இது தொடங்கியிருந்தால், மண்ணிலிருந்து கிளம்பும் பழுப்பு வண்டுகளின் வேலையாகத்தான் இருக்கும். பகலில் இவை மண்ணுக்குள் பதுங்கிக் கிடக்கும். இருட்டியதும் பறந்து வந்து இலையை மேயும். விடியுமுன் திரும்பிவிடும். இரவு எட்டு மணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள், கொத்துக் கொத்தாகத் தெரியும்.

மருந்தைவிடக் கையால் பிடிப்பதே முதல் வேலை. மரத்தடியில் பழைய துணியை விரித்து, கிளைகளைக் கோலால் உலுக்குங்கள். விழுந்தவற்றை உடனே சோப்பு கரைத்த வாளித் தண்ணீரில் போடுங்கள். வெறும் தண்ணீரில் போட்டால் மிதந்து, ஏறித் தப்பிவிடும். மழைக்குப் பிந்தைய நாலைந்து இரவுகளைத் தவறவிடாதீர்கள். முட்டையிடுமுன் பிடிபடும் ஒவ்வொரு பெண் வண்டும் பல புழுக்களைக் குறைக்கும்.

வேப்பெண்ணெய் பட்டவுடன் வண்டு சாகாது. இலையைத் தின்னவிடாமல் தடுப்பதே அதன் முக்கிய வேலை. வெயிலில் அதன் வீரியம் சீக்கிரம் குறையும், இலையும் கருகலாம். ஆகவே மாலையில், இலையின் இரு பக்கமும் நனையும்படி தெளியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. எண்ணெய், 1 மி.லி. திரவ சோப்பு போதும். இரண்டையும் முதலில் குழைத்துக்கொண்டு, சிறிது சிறிதாகத் தண்ணீர் ஊற்றுங்கள். பால்போல் வெளுக்க வேண்டும். எண்ணெய் தனியே மிதந்தால் அடிக்காதீர்கள். ஓரிடத்தில் அதிகமாகவும் இன்னோரிடத்தில் வெறும் தண்ணீராகவும் விழும். மழை கழுவிவிட்டால் மறுபடி அடிக்க வேண்டும். இல்லையென்றால் வாரம் ஒரு முறை.

வளர்ந்த மரம் இலை இழந்தாலும் துளிர்த்துவிடும், பதற வேண்டாம். இளங்கன்றுகளைத்தான் காப்பாற்ற வேண்டும். வண்டு வரும் சில வாரங்களுக்கு மாலை முதல் விடியும்வரை மெல்லிய வலையால் மூடிக் கட்டுங்கள்.

கே: விளக்குப் பொறி வைக்கலாமா?

ப: வைக்கலாம், ஆனால் மரத்தருகே வேண்டாம். எட்ட இருக்கும் வண்டுகளையும் நீங்களே மரத்துக்கு அழைத்ததாகும். தள்ளி வைத்து, அடியில் சோப்புத் தண்ணீர்த் தட்டு வையுங்கள். இருட்டியதிலிருந்து இரண்டு மூன்று மணி நேரம் எரிந்தால் போதும். விடிய விடிய எரிந்தால் நல்ல பூச்சிகளும் விழுந்து சாகும்.

கே: மரத்தடி மண்ணைக் கிளறினால் வெள்ளைப் புழுக்கள் வருகின்றன. இவற்றுக்கும் வண்டுக்கும் தொடர்புண்டா?

ப: பழுப்புத் தலை, மூன்று ஜோடிக் கால், அரைவட்டமாகச் சுருண்ட உடல் இருந்தால், வண்டின் இளம் பருவமாகவே இருக்கக்கூடும். இவை வேரைக் கடிக்கும். மக்காத சாணத்தை மரத்தடியில் கொட்டுவது இவற்றுக்கு இடம் கொடுப்பதுபோல, நன்றாக மக்கியதை மட்டுமே போடுங்கள். மேல்மண்ணை வேர் அறுபடாமல் லேசாகக் கிளறிவிட்டால் பறவைகள் பொறுக்கித் தின்னும். இந்தப் புழுக்களைக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சையை மக்கிய உரத்தில் கலந்து மாலையில் போட்டு, ஈரம் காயாமல் பாருங்கள். மண் காய்ந்தால் பூஞ்சை வேலை செய்யாது. பூஞ்சைக்கொல்லி ஊற்றிய இடத்தில் அது செத்துவிடும்.

வேரில் ஊற்றும் ஊடுருவும் பூச்சிக்கொல்லியை, பூக்கும் மரத்துக்குத் தயவுசெய்து தவிருங்கள். அது தேனிலும் மகரந்தத்திலும் ஏறி, தேனீக்களைக் கொல்லும்.

கே: ரோஜா இலையின் ஓரத்தில் அச்சு வைத்து வெட்டியதுபோல் வட்ட வட்டமாகக் காணவில்லை. இதுவும் வண்டா?

ப: இல்லை. கூடு கட்ட இலை வெட்டிப் போகும் ஒருவகைத் தேனீ அது. மகரந்தச் சேர்க்கைக்கு உதவுவது, எதையும் தெளிக்காமல் விட்டுவிடுங்கள்.