முதல் முறை ஜப்பான் போகிறேன். இயற்கை, வரலாறு இரண்டையும் பார்க்க எங்கெல்லாம் போகலாம்?

நாங்கள் மூன்று பேர் போனோம்: நான், மனைவி, 68 வயது அம்மா. நவம்பர் கடைசியில் பத்து நாள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதோடு சுத்த சைவம். கீழே நான் ‘போங்கள்’, ‘வேண்டாம்’ என்று சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் வைத்துத்தான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஃபூஜி மலை, கியோட்டோ, நாரா, ஹிரோஷிமா என்ற பட்டியல் இந்நேரம் உங்கள் கையில் இருக்கும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கும் இடங்களில் பாதி, நேரம் தப்பினால் கூட்டத்தின் முதுகைத்தான் காட்டும். எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதுதான் முக்கியம் என்பதை நாங்கள் ஃபூஜியிடம்தான் கற்றுக்கொண்டோம்.

3,776 மீட்டர் மலை, எங்கே போய் ஒளிந்துவிடும் என்று நினைத்தேன். டோக்கியோவிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் கவாகுச்சிகோ ஏரிக்கரை. போய் இறங்கும்போது மதியம். ஏரி இருந்தது, படகு இருந்தது, மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக மேகம். "மலை எங்கேப்பா?" என்று அம்மா கேட்டாள். நல்ல வேளை, அன்று இரவு அங்கேயே தங்க ஏற்பாடு செய்திருந்தோம். மறுநாள் காலை ஆறரைக்கு ஜன்னல் திரையை விலக்கினால், ஜன்னல் முழுக்க மலை. உச்சியில் பனி, அதன்மேல் இளஞ்சிவப்பு வெயில், ஏரியில் தலைகீழாக இன்னொன்று. ஒன்பது மணிக்கெல்லாம் மேகம் திரும்பி வந்துவிட்டது. பதினொரு மணிக்கு டோக்கியோ பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள், முந்தின நாள் நாங்கள் நின்றது போலவே நின்றுகொண்டிருந்தார்கள். அதனால் ஃபூஜிக்கு ஒரே நாளில் போய்த் திரும்பாதீர்கள், ஓர் இரவு தங்குங்கள். குளிர்கால விடியற்காலையில் மலை தெரிய வாய்ப்பு அதிகம்; கோடையில் பெரும்பாலும் மேகம்தான். ஏறும் ஆசை இருந்தால் ஜூலை தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரைதான் பருவம். கடைசியாக வெடித்தது 1707-இல்.

தங்க முடியாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும் ஷின்கான்சென் ரயிலில் சாதாரணப் பெட்டியில் ‘ஈ’ இருக்கை கேட்டு வாங்குங்கள். வலப்பக்க ஜன்னல். கிளம்பி நாற்பது நாற்பத்தைந்து நிமிடத்தில், வானம் தெளிவாக இருந்தால், மலை முழுசாகத் தெரியும்.

டோக்கியோவில் இருக்கும்போது வரலாற்றுக்காக ஒரு நாள் ஒதுக்க நினைத்தால் நிக்கோ, காமகுரா இரண்டில் ஒன்று. நிக்கோவில் ஜப்பானை ஆண்ட ஷோகன் தொகுகவா இயேயாசுவின் நினைவாலயம், மூன்று குரங்குச் சிற்பம், பக்கத்தில் 97 மீட்டர் கெகோன் அருவி. அழகுதான், ஆனால் படிகள் அதிகம். நாங்கள் காமகுரா போனோம். ஒரு மணி நேர ரயில். 13-ஆம் நூற்றாண்டு வெண்கல புத்தர், 11 மீட்டருக்கு மேல் உயரம். ஒரு காலத்தில் அவருக்கு மண்டபம் இருந்தது. அது அழிந்து போன பிறகு ஐந்நூறு வருடத்துக்கும் மேலாக வெயிலிலும் மழையிலும் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறார். சின்னக் கட்டணம் கொடுத்தால் சிலையின் வயிற்றுக்குள் போய் வார்ப்பின் ஒட்டுகளைத் தொட்டுப் பார்க்கலாம்.

அப்புறம் கியோட்டோ. குறைந்தது நான்கு இரவு. இதில் சமரசம் வேண்டாம்.

ஃபுஷிமி இனாரி கோயிலுக்கு இரவு பகல் எந்நேரமும் போகலாம், கட்டணமும் இல்லை. கியோட்டோ நிலையத்திலிருந்து ஐந்தே நிமிட ரயில், வாசலிலேயே இறங்கலாம். நாங்கள் காலை ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தபோது தெருவைப் பெருக்கும் ஒருவரைத் தவிர யாரும் இல்லை. செந்தூர நிறத்தில் ‘தோரி’ என்னும் மரத் தோரணவாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக, குகை மாதிரி மலைமேல் ஏறுகின்றன. ஏறும்போது தூண்கள் வெறுமையாக இருக்கும். திரும்பி இறங்கும்போதுதான் ஒவ்வொரு தூணின் பின்புறத்திலும் கறுப்பு எழுத்து தெரியும். நன்கொடை கொடுத்த கடைக்காரர்கள், கம்பெனிகளின் பெயரும் தேதியும். "நம்ம ஊர்க் கோயில் டியூப்லைட் மாதிரி" என்றாள் மனைவி. இனாரி நெல்லுக்கும் வியாபாரத்துக்கும் உரிய தெய்வம், தூது போவது நரி. கல் நரிகளின் வாயைக் கவனியுங்கள்: ஒன்று சாவியைக் கவ்வியிருக்கும், இன்னொன்று நெற்கதிரை. மலை 233 மீட்டர்தான், ஆனால் முழுக்கச் சுற்ற இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அம்மா முதல் வரிசை தோரியோடு நிறுத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் பாதி மலை வரை போய்விட்டு ஒன்பது மணிக்கு இறங்கினால், காலை வைக்க இடமில்லை.

கின்காகுஜி என்னும் தங்கக் கோயிலைப் பார்க்கலாம், அரை மணி நேரம் போதும். இப்போது நிற்பது 1955-இல் திரும்பக் கட்டியது. பழையதை 1950-இல் ஓர் இளம் துறவியே கொளுத்திவிட்டார். அராஷியாமா மூங்கில் பாதையை விடியற்காலையில் போக முடியாது என்றால் விட்டுவிடுங்கள். படத்தில் தெரிவதைவிடச் சின்னப் பாதை.

அவற்றில் மிச்சமாகும் நேரத்தை சான்ஜூசான்கென்தோ கோயிலுக்குக் கொடுங்கள். முதல் முறை போகிறவர்கள் பலர் இதை ஏன் தாண்டிப் போகிறார்கள் என்று தெரியவில்லை. சுமார் 120 மீட்டர் நீளத்துக்கு ஒரே மரக் கூடம், 1266-இல் கட்டியது. உள்ளே ஆளுயரத்தில் ஆயிரம் கன்னோன் சிலைகள், அதாவது பௌத்தத்தில் கருணைக்கு உரிய நம் அவலோகிதேஸ்வரர், வரிசை வரிசையாக நிற்க, நடுவில் பெரியதாக ஒன்று அமர்ந்திருக்கிறது. அவற்றுக்கு முன்னால் 28 காவல் தெய்வங்கள். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். பறவை மூக்கு, முதுகில் இறக்கை, கையில் புல்லாங்குழல். "டேய், இது கருடாழ்வார்டா." பெயர்ப்பலகையைப் பார்த்தேன்: கருரா. அதே வரிசையில் இந்திரனும் பிரம்மாவும் ஜப்பானியப் பெயர்களில் நிற்கிறார்கள். பௌத்தத்தோடு சீனா வழியாக வந்தவர்கள். அம்மா அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். படம் எடுக்க அனுமதி இல்லை, அதனால் எல்லோரும் கண்ணால்தான் பார்த்தார்கள், அதுவும் நல்லதற்கே. செருப்பைக் கழற்ற வேண்டும், நவம்பரில் மரத்தரை ஐஸ் மாதிரி இருக்கும், கனமான சாக்ஸ் போட்டுப் போங்கள்.

இன்னொன்று, நவம்பர் கடைசியில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். பல கோயில்களை நான்கரை, ஐந்துக்கெல்லாம் மூடிவிடுவார்கள். காலையில் ஹோட்டலில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்பினால் பாதி நாள் போச்சு. இந்தச் சிரமத்துக்குக் கூலி மேப்பிள் இலைகள்: நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை கியோட்டோ முழுக்கச் சிவப்பு. செர்ரிப் பூ வேண்டுமென்றால் மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை அவர்களுக்கே தொடர் விடுமுறை, அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நாரா கியோட்டோவிலிருந்து முக்கால் மணி நேர ரயில். தோடாய்ஜி கோயிலின் வெண்கல புத்தர் சுமார் 15 மீட்டர். 752-இல் அதற்குக் கண் திறக்கும் சடங்கைச் செய்தவர் இந்தியாவிலிருந்து போன துறவி போதிசேனர். பின்பக்கத் தூண் ஒன்றின் அடியில் ஒரு துளை இருக்கும், புத்தரின் மூக்குத்துளை அளவு என்பார்கள். வெளியே மான்கள், ஆயிரத்துக்கும் மேலே. தலை குனிந்து வணங்கி பிஸ்கட் கேட்கும். தாமதித்தால் மரியாதை போய்விடும். அம்மாவின் கைப்பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஊர் வரைபடத்தை ஒரு மான் இழுத்து, கோயிலும் குளமுமாக மென்று விழுங்கிவிட்டது.

கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமா போகும் வழியில் ஹிமேஜியில் இறங்கலாம். 1609-இல் முடிந்த வெள்ளைக் கோட்டை, உலகப்போரில் ஊர் எரிந்தும் தப்பியது. மதிலில் முக்கோணம், வட்டம், சதுரம் என்று துப்பாக்கிக்கும் அம்புக்கும் விட்ட துளைகள். உள்ளே மரப்படிகள் ஏணி மாதிரிச் செங்குத்து. முழங்கால் வலிக்காரர்கள் கீழே புல்வெளியிலிருந்து பார்ப்பது நல்லது.

ஹிரோஷிமாவில் அணுகுண்டு நினைவு அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரமாவது வையுங்கள். 8:15-இல் நின்றுபோன கைக்கடிகாரம், மூன்று வயதுக் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள். அன்று மாலை நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. வேறு எதையும் அந்த நாளில் அடைக்காதீர்கள்.

பக்கத்துத் தீவான மியாஜிமாவுக்கு மறுநாள். பத்து நிமிடப் படகு. கடலில் நிற்கும் சுமார் 16 மீட்டர் தோரியைத் தரையில் ஆழமாகப் புதைக்கவில்லை, தன் கனத்தால்தான் நிற்கிறது. போவதற்கு முன் ஓத அட்டவணையைப் பாருங்கள். நீர் 250 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் மிதப்பது போலத் தெரியும். 100-க்குக் கீழே இறங்கினால் சேற்றில் நடந்துபோய்த் தூணையே தொடலாம். இரண்டும் பார்க்க வேண்டுமென்றால் ஆறு மணி நேரம் தீவிலேயே இருக்க வேண்டும். நாங்கள் இருந்தோம்.

செலவு பற்றி: ரயிலில் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம் என்று வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தரும் ஏழு நாள் ஜேஆர் பாஸை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏற்றிவிட்டார்கள். டோக்கியோ–ஹிரோஷிமா போய்வர தனி டிக்கெட் சுமார் 40,000 யென்தான் ஆகிறது, ஆகவே கணக்குப் போடாமல் பாஸ் வாங்காதீர்கள். பெட்டிகளை ‘தக்யூபின்’ என்னும் கூரியரில் அடுத்த ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டுக் கையை வீசிக்கொண்டு போகலாம்.

சாப்பாடு சைவக்காரர்களுக்குச் சிரமம்தான். காய்கறி சூப் என்று வருவதிலும் மீன் சாறு இருக்கும். அம்மா புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தாள். எந்த மூலைக் கடையிலும் வெறும் சாதம் பாக்கெட்டில் கிடைக்கும், அங்கேயே சூடாக்கியும் தருவார்கள். ஹிமேஜி கோட்டைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பிசைந்து சாப்பிட்டோம். பக்கத்துப் பெஞ்சுப் பாட்டி வாசனை பிடித்துத் திரும்பிப் பார்த்தார். அம்மா ஒரு உருண்டையை மூடியில் வைத்து நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.