அடிக்கக் கற்றுக்கொடுத்தால் அடங்குவார்களா?

வாசகர் கேள்வி – பதில்

நகரத்தின் நெருக்கடியான குடியிருப்புகளில் வளரும் பிள்ளைகளுக்குக் கராத்தே கற்றுத்தருவது பற்றி வந்த கேள்விகளுக்கு, கராத்தே மாஸ்டர்கள் பதில் தருகிறார்கள்.

என் மகனுக்கு 13 வயது. சேர்க்கை சரியில்லை. பள்ளியில் அடிதடி என்று இரண்டு முறை கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள். கராத்தேயில் சேர்த்தால் அடங்குவான் என்கிறார் என் அண்ணன். இன்னும் தைரியமாக அடிக்கத்தானே போவான் என்று எனக்குப் பயம்.
*– ஒரு தாய், புளியந்தோப்பு*

உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. அடங்குவதும் நடக்கும், அடிப்பதும் நடக்கும். எது நடக்கும் என்பது மாஸ்டரைப் பொறுத்தது.

அமெரிக்காவில் மைக்கேல் ட்ரல்சன் என்பவர் 1986-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தடம் மாறிப்போன 13 முதல் 17 வயதுப் பையன்களை மூன்று குழுவாகப் பிரித்து ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு மரியாதை, தியானம், நெறி எல்லாம் சேர்ந்த பழைய முறை டேக்வாண்டோ என்ற கொரியத் தற்காப்புக் கலை. இன்னொரு குழுவுக்குச் சண்டை நுணுக்கம் மட்டும். மூன்றாவது குழுவுக்கு வேறு உடற்பயிற்சி, விளையாட்டு. முதல் குழுவில் மூர்க்கம் குறைந்தது. சண்டை மட்டும் படித்த குழுவில் அது கூடிவிட்டது. நார்வேயில் 2005-ல் வந்த இன்னோர் ஆய்வு, குத்துச்சண்டை, மல்யுத்தம், பளுதூக்குதல், கராத்தே போன்றவற்றில் சேர்ந்த சிறுவர்களிடம் வம்புத்தனம் கூடியதாகவே சொன்னது. ஆகவே கராத்தே என்ற பெயரை மட்டும் நம்பிச் சேர்க்காதீர்கள்.

பணம் கட்டும் முன் இரண்டு நாள் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சொன்ன நேரத்துக்கு வகுப்பு ஆரம்பிக்கிறதா? அடிபட்டுக் கீழே விழுந்த பையனிடம் மாஸ்டர் முதலில் போகிறாரா, இல்லை அடித்தவனுக்குக் கைதட்டுகிறாரா? தோற்றவனைப் பற்றி மற்றவர்கள் முன்னால் என்ன பேசுகிறார்? பிரம்பு வைத்திருந்தாலோ, கெட்ட வார்த்தை பேசினாலோ வேறு இடம் தேடுங்கள். பெரியவன் சின்னவனை அடிக்கலாம் என்ற பாடத்தைத்தான் அங்கே உங்கள் பையன் கற்பான்.

சேர்ந்த முதல் மூன்று மாதம் பெரிய மாற்றம் தெரியாது. வீட்டில் தம்பி தங்கை மேல் கிக் போட்டுப் பார்ப்பான். இது எல்லாப் பிள்ளைகளும் செய்வது. மாஸ்டரிடம் தனியாகச் சொல்லுங்கள், அவர் பார்த்துக்கொள்வார். ஆனால் “மார்க் குறைந்தால் கராத்தேயை நிறுத்திவிடுவேன்” என்று மட்டும் மிரட்டாதீர்கள். அவன் ஒழுங்காகப் போகும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம்.

பிளாக் பெல்ட் முடித்திருக்கிறேன். எங்கள் ஏரியா மாநகராட்சிப் பள்ளி மைதானத்தில் இலவச வகுப்பு ஆரம்பித்தேன். முதல் நாள் 40 பேர் வந்தார்கள், இப்போது 11 பேர். எங்கே தவறு?
*– ஓர் இளைஞர், வியாசர்பாடி*

40 பேர் வந்ததுதான் முதல் சிக்கல். ஒரு மாஸ்டர் ஒழுங்காகக் கவனிக்க முடிவது 15, மிஞ்சினால் 20 பேரை. கூடுதலாக ஒவ்வொரு 10 பேருக்கும் ஒரு சீனியர் வேண்டும். கடைசி வரிசையில் நிற்பவனை யாரும் திருத்தாவிட்டால் நாலாவது நாள் அவன் வரமாட்டான். கால்பந்தும் கேரமும் கொடிகட்டிப் பறக்கும் ஊர் உங்களுடையது. சும்மா நிற்பதைவிடப் பந்து உதைக்கப் போவான்.

வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம், மாறாத நேரம். மழைக்கு மூன்றே பேர் வந்தாலும் வகுப்பு நடக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளில் பலர் ‘வரேன்’ என்று சொல்லிவிட்டு வராமல் போன பெரியவர்களை நிறையப் பார்த்தவர்கள். முன்னறிவிப்பு இல்லாமல் நீங்கள் இரண்டு நாள் வராவிட்டால் அந்தப் பட்டியலில் நீங்களும் சேர்ந்துவிடுவீர்கள்.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: வரிசை, வணக்கம், வார்ம்-அப் 10 நிமிடம், பன்ச், ப்ளாக், கிக் 20 நிமிடம், கட்டா (வரிசையாகச் செய்யும் அசைவுகளின் தொகுப்பு) 15 நிமிடம், பேடு (கையில் பிடிக்கும் மெத்தை) அடிப்பது அல்லது ஓட்ட விளையாட்டு 10 நிமிடம். மீதி 5 நிமிடம் உட்கார்த்திப் பேச. அந்த ஐந்து நிமிடத்தை விடவே கூடாது. யாருக்குப் பரீட்சை, யார் வீட்டில் தண்ணீர் புகுந்தது, எவனை எவன் மிரட்டுகிறான் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

ஒரு நோட்டில் பெயர், பள்ளி, வீட்டுப் பெரியவரின் போன் நம்பர், யார் வந்து கூட்டிப்போவார் என்று எழுதி வையுங்கள். பெற்றோர் கையெழுத்தும் தலைமையாசிரியரின் அனுமதிக் கடிதமும் அதிலேயே இருக்கட்டும். தொடர்ந்து இரண்டு வகுப்பு வராதவன் வீட்டுக்கு அன்றே போன். வராமல் போன 29 பேரில் பாதியாவது இதில் திரும்புவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. வெள்ளை டிரஸ்ஸை முதல் மூன்று மாதம் கட்டாயமாக்காதீர்கள், டி-ஷர்ட்டும் டிராக் பேன்ட்டும் போதும். இலவச வகுப்பு என்று வந்த பிள்ளை டிரஸ்ஸுக்குக் காசு கேட்க முடியாமல் நின்றுவிடும்.

தினமும் மைதானத்தைப் பெருக்கிவிட்டு, நீங்கள் வெறுங்காலில் ஒரு சுற்று நடந்து பார்த்த பிறகே பிள்ளைகளை இறக்குங்கள். பாட்டில் சில்லு மண்ணில் புதைந்தே கிடக்கும். சிமென்ட் தரையில் குதித்து அடிக்கும் கிக் வேண்டாம். 10 முதல் 15 வயது வரை எலும்பு வேகமாக வளரும். முட்டிச்சில்லுக்குக் கீழே வலிக்கிறது என்று சொன்னால் நடிப்பு என்று நினைக்காமல் அவனைக் குதிக்க விடாதீர்கள். நேரடிச் சண்டைப் பயிற்சி ஆறு மாதத்துக்குப் பிறகு போதும். காசு குறைவென்றால் முதலில் வாங்க வேண்டியது ஆளுக்கொரு மவுத் கார்டு, அதாவது பல்லைக் காக்கும் உறை. வெந்நீரில் போட்டுக் கடித்து அளவெடுக்கும் வகை போதுமானது. ஒருவருடையதை இன்னொருவர் போடக்கூடாது. தலையில் அடிபட்டு மயங்கினாலோ, தலை சுற்றினாலோ, வாந்தி எடுத்தாலோ அன்று பயிற்சி கிடையாது, நேரே ஆஸ்பத்திரி.

என்னிடம் மூன்று வருடமாகப் படிக்கும் 16 வயதுப் பையன், கிரீன் பெல்ட், தெருச் சண்டையில் ஒருவன் மூக்கை உடைத்துவிட்டான். மற்ற பெற்றோர் அவனை நீக்கச் சொல்கிறார்கள்.
*– கராத்தே மாஸ்டர், கண்ணகி நகர்*

நீக்காதீர்கள். நீக்கினால் வகுப்பு நடக்கும் மாலைகளில் அவன் எங்கே நிற்பான் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் ஒன்றும் நடக்காதது போலவும் விடக்கூடாது.

முதலில் தனியாகக் கூப்பிட்டு முழுக்கக் கேளுங்கள். யார் ஆரம்பித்தது என்பதோடு நிறுத்தாமல், விலகிப் போக எந்த இடத்தில் வழி இருந்தது என்று கேளுங்கள். அதை அவனே சொல்லட்டும். அடிபட்டவன் வீட்டுக்கு அவனுடைய பெற்றோரோடு நீங்களும் போங்கள். பிறகு நான்கு வாரம் சண்டைப் பயிற்சி கிடையாது, பெல்ட் டெஸ்ட் தள்ளிப்போகும். வகுப்புக்கு மட்டும் ஒரு நாள்கூடத் தவறாமல் வர வேண்டும். அடிப்படையும் கட்டாவும் செய்யட்டும், சின்னப் பிள்ளைகளுக்குப் பேடு பிடிக்கட்டும். எட்டு வயதுக் குழந்தையின் குத்துக்குப் பேடு பிடிக்கும்போது தன் பலத்தை அடக்கித்தான் ஆக வேண்டும். அந்தப் பழக்கம்தான் அவனுக்கு இப்போது தேவை.

சட்டத்தையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். 16 வயது நிறைந்தவர் மிகக் கொடிய குற்றத்தில் சிக்கினால் பெரியவர்களைப் போல விசாரிக்கவும் 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இடம் தருகிறது. “சின்னப் பையன்தானே, ஒண்ணும் பண்ண மாட்டாங்க” என்று ஏரியா அண்ணன்கள் சொல்வதை நம்பியே பல பையன்கள் மாட்டுகிறார்கள்.

1922-ல் ஜப்பானின் தெற்குத் தீவான ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்குக் கராத்தேயைக் கொண்டுபோன கிச்சின் ஃபுனகோஷி, கராத்தேயில் நாமாக முதலில் அடிப்பது கிடையாது என்று விதி வைத்தார். பெரும்பாலான வகுப்புகளில் இது சுவரில் எழுதியிருக்கும், பயிற்சியில் இருக்காது. குத்தை ஆயிரம் முறை பழகும் பையன், விலகுவதை ஒரு முறைகூடப் பழகியிருக்கமாட்டான். அதையும் பழக்குங்கள். இருவர் எதிரெதிரே நிற்கட்டும். ஒருவன் நெருங்கி வந்து வம்பிழுக்க வேண்டும். மற்றவன் கையை விரித்து நெஞ்சுயரத்தில் வைத்து, ஒரு கால் பின்னால் பக்கவாட்டில் எடுத்து, சுற்றி இருப்பவர்களுக்கும் கேட்கும்படி “வேணாண்ணே, நான் கிளம்புறேன்” என்று சொல்லி வெளியேற வேண்டும். முதல் வாரம் சிரிப்பார்கள், விடாமல் செய்யுங்கள். பிறகு தள்ளுவது, சட்டையைப் பிடிப்பது, நண்பர்கள் சுற்றி நின்று கூச்சல் போடுவது என்று ஏற்றிக்கொண்டே போங்கள். அம்மாவைப் பற்றிப் பேசினால்தான் பலருக்கும் நிதானம் போகும். அதை முன்கூட்டியே அவர்களிடம் பேசி வைத்தால், அந்த வார்த்தை வரும்போது இது நம்மைக் கிளப்பத்தான் என்று அடையாளம் தெரியும்.

சிமென்ட் தரையில் கையை முஷ்டியாக மடக்கி ஊன்றித் தண்டால் எடுத்தால், ஓடு உடைத்தால் கை இரும்பாகுமா சார்? எனக்கு 14 வயது.
*– ஒரு மாணவர், செல்லூர், மதுரை*

வேண்டாம் தம்பி. வளரும் எலும்பின் நுனி மென்மையானது. இப்போது கெடுத்துக்கொண்டால் பிறகு பேனா பிடிக்கவே வலிக்கும். முஷ்டியைச் சரியாக மடக்கப் பழகு. விரல்களை நுனியிலிருந்து சுருட்டி உள்ளே இறுக்கு. கட்டைவிரல் வெளியே, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் குறுக்கே படியட்டும். கட்டைவிரலை உள்ளே வைத்துக் குத்தினால் அதுவே உடையும். படவேண்டியது முதல் இரண்டு விரல் முட்டிகள் மட்டும். மணிக்கட்டு வளைந்து சுண்டுவிரல் பக்கம் பட்டால் அங்கே எலும்பு முறியும். மெத்தென்ற பேடில் அடித்துப் பழகினாலே போதும்.

ஒரே வருடத்தில் பிளாக் பெல்ட், சர்டிஃபிகேட்டோடு 15,000 ரூபாய் என்கிறார்கள். வாங்கலாமா?
*– ஒரு தந்தை, ஆவடி*

வேண்டாம். வாரம் மூன்று நாள் ஒழுங்காகப் பழகினாலே நான்கைந்து வருடம் ஆகும். இந்தியாவில் கராத்தேக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் தங்களை அகில இந்திய அமைப்பு என்கின்றன. ஸ்போர்ட்ஸ் கோட்டாவை எண்ணிச் சேர்ப்பதாக இருந்தால், எந்தச் சர்டிஃபிகேட் செல்லும் என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வகுப்பில் 12, 13 வயதானதும் பெண் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். வீட்டில் விடுவதில்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?
*– பெண் உதவிப் பயிற்சியாளர், பெரும்பாக்கம்*

வீட்டில் விடாததற்கு முன்பே அந்தப் பிள்ளைக்கே வரத் தயக்கம் வந்திருக்கும். வெள்ளைப் பேன்ட்தான் முதல் காரணம். மாதவிடாய் நாட்களில் கறை தெரியுமோ என்ற பயத்தில் ஒரு நாள் விடுவாள், அடுத்த மாதம் நான்கு நாள், பிறகு நின்றேவிடுவாள். கறுப்பு டிராக் பேன்ட் போடலாம் என்று எல்லாருக்கும் பொதுவாக அறிவித்துவிடுங்கள். பெண்களுக்கு மட்டும் என்று சொல்லாதீர்கள். டிரஸ் மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறையும் கழிப்பறையும் இல்லாத இடத்தில் வகுப்பு வைக்காதீர்கள். இருட்டும் முன் வகுப்பு முடியட்டும். ஒரே பிளாக்கில் இருப்பவர்கள் சேர்ந்து போகட்டும்.

ஸ்டான்ஸ், அதாவது நிற்கும் நிலையைத் திருத்தும்போது ஆண் பயிற்சியாளர் தொடக்கூடாது. சொல்லியோ செய்துகாட்டியோ திருத்தலாம். உங்களைப் போன்ற ஒரு பெண் எல்லா வகுப்பிலும் இருப்பது அவசியம். பிள்ளையும் மாஸ்டரும் மட்டும் தனியாக இருக்கும் ‘ஸ்பெஷல் கிளாஸ்’ எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. ஒரு பிள்ளை தனக்கு நடந்த பாலியல் தொல்லையைச் சொன்னால், குறுக்குக் கேள்வி கேட்காமல் கேட்டுக்கொண்டு, போலீசுக்கோ சிறார் உதவி எண் 1098-க்கோ தெரிவியுங்கள். தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது 2012 போக்சோ சட்டப்படி குற்றம். தொல்லை தந்தவர் உங்கள் வகுப்பு மாஸ்டராகவே இருந்தாலும் இதேதான்.