பழைய ஆபீஸ் கட்டடத்தை என்ன செய்யலாம்? – கேள்வி பதில்

சென்னையில் இருபது ஆண்டுகளாகப் பழைய கட்டடங்களைப் புதுப்பித்து வருகிறேன். பழைய அலுவலகக் கட்டடங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன்.

மேடம், மண்ணடியில் தாத்தா காலத்து ஷிப்பிங் ஆபீஸ் இருக்கிறது. இரண்டு மாடி, மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. ஆறு வருஷமாகப் பூட்டியே கிடக்கிறது. லாட்ஜ் ஆக்கலாமா?

லாட்ஜா, மெஸ்ஸா என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள். முதலில் கட்டடத்தைக் கேட்போம். ஒரு ஏணி, ஒரு டார்ச், ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர் எடுத்துக்கொண்டு போங்கள். ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் நாலு இடத்தில் கழற்றுங்கள். மேலே தேக்குக் கட்டைகள் வரிசையாகத் தெரியும். அவற்றின் மேல்தான் மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்துக்கல்லாக, மூலைவாட்டில் அடுக்கியிருப்பார்கள். கட்டை நடுவில் பார்க்க ஜம்மென்று இருக்கும், அதை நம்பாதீர்கள். சுவருக்குள் நுழைகிற முனையில் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கு என்றால் ஸ்க்ரூடிரைவர் வழுக்கும். ஜார்ஜ் டவுனில் ஒரு கட்டடத்தில் எனக்கு அது ரஸ்க்கில் இறங்குவது போல் இறங்கியது. மேலே ஐம்பது வருஷத்து ஃபைல்களோடு இரும்பு பீரோக்கள் நின்றன. அன்று மாலையே அவற்றைக் கீழே இறக்கச் சொன்னேன்.

கட்டை நன்றாக இருந்தால் லாட்ஜ் சாத்தியம்தான். ஆனால் தலைவலி பாத்ரூம். ஆபீஸில் மாடிக்கு ஒரு மூலையில் கழிப்பறை இருந்தால் போதும், லாட்ஜில் அறைக்கு ஒன்று வேண்டும். மெட்ராஸ் டெரஸ் மேல் தண்ணீர் புழங்கவே கூடாது. கசிவது கண்ணுக்குத் தெரிவதற்குள் கட்டை இற்றுவிடும். அதனால் பாத்ரூம்களை எல்லாம் பின்பக்கம் தனி கான்கிரீட் சட்டத்தில், ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிப் பழைய கட்டடத்தோடு ஒட்டவையுங்கள். அதற்குப் பின்கட்டில் இடம் இல்லையென்றால் லாட்ஜை மறந்துவிட்டு, கீழே கடை, மேலே தையல் யூனிட் அல்லது சின்ன ஆபீஸ்கள் என்று யோசியுங்கள்.

அண்ணா சாலையில் 80-களில் கட்டிய கண்ணாடிக் கட்டடங்கள் பாதி காலியாகக் கிடக்கின்றன. நியூயார்க்கில் செய்வது போல் ஃபிளாட் ஆக்கினால் என்ன?

பலரும் கேட்பது இது. 1920-களின் கட்டடத்தை மாற்றுவதை விட 1980-களின் கட்டடத்தை மாற்றுவது கஷ்டம் என்றால் நம்ப மாட்டீர்கள். பழசில் ஏசி கிடையாது. அதனால் மேசையில் வெளிச்சம் விழ வேண்டும், காற்று குறுக்கே ஓட வேண்டும் என்று ஒல்லியாகக் கட்டினார்கள், நடுவில் முற்றம் விட்டார்கள். ஏசியும் டியூப்லைட்டும் வந்தபின் ஜன்னலிலிருந்து அறுபதடி உள்ளேயும் ஆளை உட்கார வைக்கலாம் என்றாகிவிட்டது. குமாஸ்தா உட்காரலாம், குடும்பம் நடத்த முடியுமா? நடுவில் வரும் படுக்கையறைக்கு ஜன்னல் எங்கே?

நியூயார்க்கில் 25 வாட்டர் ஸ்ட்ரீட் என்று ஒரு கட்டடம். 22 மாடி, பெட்டி மாதிரி ஆழமான ஆபீஸ். அதன் வயிற்றில் இரண்டு முற்றங்களை வெட்டி எடுத்து, அப்படி இழந்த பரப்பை மேலே பத்து மாடியாக ஏற்றி, சுமார் 1,300 வீடுகள் செய்தார்கள். அந்த ஊர் வாடகைக்கு அது கட்டுப்படியாகும். இங்கே எட்டு மாடிக் கட்டடத்தின் நடுவை அறுத்துவிட்டு மேலே ஏற்ற அஸ்திவாரம் தாங்குமா, தாங்கினாலும் அனுமதி கிடைக்குமா? இந்த வகைக் கட்டடங்களுக்கு வெளிச்சம் வேண்டாத வேலையாகப் பாருங்கள்: பரிசோதனைக்கூடம், ஜிம், தியேட்டர் ஒத்திகை அறை.

நூலகம் வைக்கலாமா? புத்தகம்தானே?

புத்தகம்தான் எமன். நம்ம ஐஎஸ் 875 (தளம் எவ்வளவு எடை தாங்க வேண்டும் என்று சொல்லும் இந்தியத் தரநிலை) கணக்கில் வீட்டு அறைக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ, வகுப்பறைக்கு 300, புத்தக அடுக்கறைக்குக் குறைந்தது 600. வாசிப்பறை மாடியில், அடுக்குகள் தரைத்தளத்தில் என்றால் பரவாயில்லை.

அரசுக் கட்டடங்களில் நன்றாகச் செய்தது எது?

எழும்பூர் பழைய கமிஷனர் ஆபீஸைச் சொல்வேன். 2021-இல் காவல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அறைகளின் அளவை மதித்து உபயோகித்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் 1928-இன் தலைமைத் தபால் நிலையம் 2001-இல் ஃபுல்லர்டன் ஹோட்டல் ஆனது. ஆனால் என் மனதில் நிற்பது கொல்கத்தா கரன்சி பில்டிங். 1833-இல் எழுந்தது. 90-களில் இடிக்க ஆரம்பித்து, நடுக்கூடத்தின் கூரை போன பிறகுதான் நிறுத்தினார்கள். தொல்லியல் துறை அதை மீட்டபோது போன கூரையைப் பொய்யாகத் திரும்பக் கட்டவில்லை. வானம் தெரியும் முற்றமாகவே விட்டுவிட்டார்கள். 2020-இல் கண்காட்சிக்குத் திறந்தார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் இருந்திருக்காது.

சுவரில் ஓதம். மேஸ்திரி சிமென்ட் பூசச் சொல்கிறார்.

வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு மேலே ஏறும், இரண்டு மழைக்குப் பிறகு பூச்சு பாளம் பாளமாக விழும். பழையபடி சுண்ணாம்பே பூசுங்கள்.

உபயோகத்தை மாற்ற அனுமதி வேண்டுமா?

வேண்டும். சிஎம்டிஏவில் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), 2019 கட்டட விதிகளின்படி. மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: பார்க்கிங், இரண்டாவது படிக்கட்டு. வரைபடம் போடும் முன்பே இந்த இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

மேடம், மண்ணடிதான் மறுபடியும். இன்று போய்க் குத்திப் பார்த்தேன். 22 கட்டையில் 4-இல் இறங்குகிறது.

நல்ல காரியம் செய்தீர்கள். அந்த நாலும் ஒரே பக்கமா? அப்படியென்றால் அந்தச் சுவருக்கு வெளியே மழைநீர்க் குழாய் உடைந்திருக்கிறதா, அரசமரக் கன்று முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். குழாயை முதலில் சரி செய்யுங்கள், கட்டையை அப்புறம் மாற்றலாம். அதுவரை அந்த நாலுக்கும் கீழே முட்டு கொடுத்து வையுங்கள்.